சைவ சமையல்காரரின் ஈரல் புழு

இத்தனை வருட லேப் வேலையில், ‘எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க மேடம்’ என்று கையைப் பிடித்துக்கொண்டவர்கள் ஏராளம். ‘நோய் இருக்குன்னு எழுதிக் குடுங்க’ என்று சண்டைக்கு வந்தது ஒரே ஒரு குடும்பம்தான்.

மழை விட்ட ஒரு காலை. சிதம்பரத்தில் எங்கள் லேப் வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். முன்னால் மங்கையர்க்கரசி அம்மாள், ஒரு கையில் குடை, மறு கையில் மஞ்சள் பை. அவருக்குப் பின்னால் கணவர் தில்லைநாயகம். அந்த வட்டாரத்தில் பெயர் போன சைவ சமையல் மாஸ்டர். ஆயிரம் பேர் பந்தியை அசராமல் நடத்துகிறவர், அன்று பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி தலை குனிந்திருந்தார். கடைசியில் அம்மாளின் தம்பி கோதண்டம், அக்குளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு.

அம்மாள் பையை என் மேசை மேல் வைத்தார். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. எங்கள் லேபுக்கு வரும் பைகளில் வேறு எதுவும் இருக்காது.

“முந்தாநாள் ஒண்ணு, நேத்து ஒண்ணு, இன்னைக்கு இது. மூணையும் பாருங்க மேடம். நோய் இருந்தா இருக்குன்னு எழுதிக் குடுங்க. நான் அத எடுத்துக்கினு ஊருக்குப் போவணும்.”

மூன்றிலும் புழு முட்டை இருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாள் பாவம், வீண் அலைச்சல் என்றுகூட மனம் இரங்கினேன். எனக்கு வாயும் ஜாஸ்தி, நினைப்பும் ஜாஸ்தி. இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

கேட்டு வாங்கப் போனவர்கள்

சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலூர்ப் பக்கம் பேனாவும் படிவமுமாக யார் வந்தாலும், ‘என்னா குடுப்பீங்க?’ என்று கேட்க மக்கள் பழகியிருந்தார்கள். நாங்களோ கேட்டு வாங்கப் போனவர்கள். அதுவும் என்னத்தை!

ஆடு மாடுகளின் ஈரலில் இலை மாதிரித் தட்டையாக ஒரு புழு இருக்கும். வாய்க்கால் ஓரத்து ஊர்களில் கால்நடைகளுக்கு அது நிறைய இருக்கிறது என்று மாட்டு டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனிதர்களுக்கும் இருக்கிறதா என்று தேட எங்கள் பெரிய டாக்டர் கிளம்பினார். புழு ஈரலில் உட்கார்ந்து முட்டை போடும். முட்டை பித்தத்தோடு குடலுக்கு இறங்கி வெளியே போகும். ஆகவே அப்படி ஒரு வாய்க்கால் ஓரத்து ஊரைப் பிடித்து, ஊர் முழுக்க மலம் வாங்கிச் சோதிக்க வேண்டும். பார்ப்பது என் வேலை, வாங்கி வருவது கலியபெருமாள் வேலை.

கலியபெருமாள் எங்கள் களப்பணியாளர். எமனே வந்தாலும், ‘அண்ணே, இங்க ஒரு கையெழுத்து’ என்று படிவத்தை நீட்டிவிடுவார். அவரையே அந்த ஊர்க்காரர்கள் திணற அடித்தார்கள். நெல்லிக்காய் அளவு போதும் என்று சொன்னால் டப்பா நிறைய வந்தது. இன்னொரு வீட்டில் ஊறுகாய் பாட்டிலில் வந்தது. ஒரு அம்மா நான்கு பிள்ளைகளின் பெயர் எழுதிய நான்கு டப்பாவிலும் ஒரே பிள்ளையினுடையதைப் போட்டு அனுப்பியிருந்தார். ஏம்மா இப்படி என்றதற்கு, நாலும் ஒரே சோறுதானே துன்னுது என்று பதில் வந்தது.

வாரநாட்களில் ஆண்கள் நெய்வேலி, சிதம்பரம் என்று வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு மாலைதான் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அதனால் ஞாயிறு மாலை டப்பா கொடுப்பது, திங்களும் செவ்வாயும் காலையில் போய் வாங்குவது என்று ஏற்பாடு. இதை யோசித்துச் சொன்னது நான்தான். டாக்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பிறகு நடந்ததைப் பார்த்தும் அந்தப் பாராட்டை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய மனசு.

மடியில் வைத்த பை

இந்த இடத்தில் ஒரு பஸ் பயணத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை எங்கள் ஜீப் மக்கர் செய்தது. டப்பாக்களை இரண்டு பைகளில் அடுக்கிக்கொண்டு, நானும் கலியபெருமாளும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். நிற்க இடமில்லை. எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியுமல்லவா, உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை உரிமையோடு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் என் பையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். வளையல் கையால் அணைத்தும் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னை அன்பாக நிமிர்ந்து பார்த்தார். “வெதுவெதுன்னு இருக்கே. வூட்டு சாப்பாடாம்மா?”

நான் வாய் திறப்பதற்குள் கலியபெருமாள் முந்திக்கொண்டார். “ஆமாம்மா. நேத்து சாப்பாடு.”

சிதம்பரம் வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். வயலில் என்ன பயிர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

என் அப்பா பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளைக் கோட்டு போட்டவள் நான். சர்ச்சில் பார்ப்பவர்களிடமெல்லாம், பொண்ணு டாக்டருக்கு அடுத்த வேலை என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். மங்கலம்பேட்டையிலிருந்து வந்து எங்களோடு இருந்த என் மாமியாருக்கு மட்டும் உண்மை தெரியும். நான் வேலை முடிந்து வந்தால், குளிக்கும்வரை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்.

சிவப்புப் புள்ளிகள்

அந்த வாரம் நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் திடுக்கிட்டேன். முட்டை. பெரிதாக, பொன் பழுப்பாக, ஒரு நுனியில் சின்ன மூடியோடு. அடுத்த ஸ்லைடிலும் முட்டை. அதற்கடுத்ததிலும்.

டாக்டரைக் கூப்பிட்டேன். சிரித்தே நான் பார்த்திராத மனிதர், அன்று பல் தெரியச் சிரித்தார். ஒரு ஊரில் நோய் பரவியிருப்பதைக் கண்டு ஒருவர் இத்தனை சந்தோஷப்படலாமா என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, முட்டை வந்த வீடுகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்தார். டெல்லியில் எந்தக் கூட்டத்தில் இதைப் படிக்கலாம் என்றுகூடப் பேசிக்கொண்டிருந்தார்.

டீ கொண்டு வந்த கலியபெருமாள் வரைபடத்தின் முன் நின்றார். நெடுநேரம் நின்றார். பிறகு, சார், இது நோய் மாதிரித் தெரியலையே, ஞாயித்துக்கிழமை கூறு எடுத்த வூடுங்க மாதிரி இல்ல இருக்கு என்றார்.

கூறு தெரியாத பட்டணத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிறு காலை ஊரில் ஒரு ஆட்டை அறுத்து, சமமான குவியல்களாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு கூறு. கறி, எலும்பு, குடல், ஈரல் எல்லாவற்றிலும் ஒரு துண்டு ஒவ்வொரு கூறிலும் இருக்கும். பாகுபாடே கிடையாது. ஆகவே ஒரு ஆட்டின் ஈரலில் புழு இருந்தால், அந்தப் புழுவின் முட்டையும் பாகுபாடு இல்லாமல் எல்லா வீட்டுக்கும் போகும். வறுத்துத் தின்றாலும், முட்டை உருக்குலையாமல் குடல் வழியே வெளியே வந்துவிடும். தின்றவருக்கு நோயும் கிடையாது, நொடியும் கிடையாது. நாங்கள் கண்டுபிடித்தது நோயை அல்ல, ஊராரின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை.

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். கடைசியில், முட்டை வந்தவர்கள் எல்லோரும் ஒரு வாரம் ஈரலைத் தொடக்கூடாது, பிறகு மறுபடி கொடுக்கவேண்டும், அப்போதும் முட்டை வந்தால்தான் அது உண்மையான நோய் என்றார். ஊரில் இதை விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் படித்த பட்டியல்

அந்த ஊர்க் கோயிலில் கும்பாபிஷேக வேலை நடந்துகொண்டிருந்தது. மைக் தயாராக இருந்தது. மைக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

பயப்படாதீர்கள், இது நோயே இல்லை என்று ஆரம்பித்தேன். ஈரல் தின்றவர்களுக்குத்தான் இந்த முட்டை வரும், தின்னாதவர்களுக்கு வரவே வராது என்று ஆணி அடித்த மாதிரிச் சொன்னேன். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. அந்த ஜோரில், மறுபடி கொடுக்கவேண்டியவர்கள் பெயரைப் பட்டியலைப் பார்த்து மடமடவென்று வாசித்தேன். பெயர்களைப் பொதுவில் வாசிப்பது தப்பு என்பது அப்போது எனக்குத் தெரியாமல் இல்லை. நோய்தான் இல்லையே, என்ன தப்பு என்று நினைத்துவிட்டேன்.

“வடக்குத் தெரு, தில்லைநாயகம்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. யாரோ பின்னால் விசில் அடித்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கும்பாபிஷேகத்து அன்னதானத்துக்குச் சமையல் யார் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர். அந்தப் பெயரை நம்பித்தான் அவருக்குக் கல்யாணங்களும் கோயில் வேலைகளும் வந்தன.

அன்று சாயங்காலமே ஒரு கல்யாண வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போன் செய்தார்கள். கமிட்டி மட்டும், மறு பரிசோதனை முடிவு வரட்டும் என்று தவணை கொடுத்தது. மறுபடி முட்டை இல்லையென்றால், முதலில் வந்தது தின்ற ஈரலின் முட்டை, அவர் ஈரல் தின்றவர். அன்னதானமும் போச்சு, பிழைப்பும் போச்சு. முட்டை இருந்தால் அது நோய், அப்போதுதான் மனிதருக்கு வாழ்வு. அப்படி ஒரு பரிசோதனையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

நானும் கலியபெருமாளும் அவரை நம்பினோமா? துளியும் இல்லை. கல்யாண வேலைக்கு ஊர் ஊராகப் போகிற மனிதர், எங்கேயோ பரோட்டாக் கடையில் நாக்கை அடக்க முடியாமல் ஈரல் வறுவலை வெட்டியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டோம். வலது விலாவுக்குக் கீழே பல மாதமாக வலி, சாயங்காலம் ஆனால் காய்ச்சல் என்று, முதல் நாள் படிவம் எழுதும்போதே அவர் கால் மணி நேரம் என்னிடம் சொல்லியிருந்தார். நான் ‘அறிகுறி’ என்ற கட்டத்தில் ‘வாயு’ என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மச்சான் காவல்

மங்கையர்க்கரசி அம்மாளுக்குத் திருவதிகை சொந்த ஊர். வயிற்றுவலிக்கு அந்த ஊர் ஈஸ்வரனிடம் வேண்டிக்கொள்வது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கணவரை அங்கே இரண்டு தடவை அழைத்துப் போயிருந்தாராம். இப்போது அதே ஊரிலிருந்து தம்பியை வரவழைத்தார். கணவர் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் நகரக்கூடாது, அவர் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு.

கோதண்டம் லீவு போட்டுவிட்டு வந்து கடமையைச் செய்தார். மாமா கடைக்குப் போனால் கூடவே போனார். மாமா வெளிக்குப் போனாலும் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஊரே வேடிக்கை பார்த்தது. என்னா மச்சான், நான் என்ன ஜெயில்லயா இருக்கேன் என்று தில்லைநாயகம் ஒரு நாள் அழுதேவிட்டாராம். அக்கா சொல்லிட்டாங்க மாமா என்பதைத் தவிரக் கோதண்டத்திடம் வேறு பதில் இல்லை.

இதையெல்லாம் கலியபெருமாள் வந்து சொல்லச் சொல்ல, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கட்டின பெண்டாட்டிக்கே நம்பிக்கை இல்லை, நாம் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு என்று கலியபெருமாளிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

ஒரு வாரம் கழிந்தது. கூறு எடுத்த வீடுகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாகிக்கொண்டே வந்தன. ஒருவருக்கு மட்டும் மறுபடியும் முட்டை. கேட்டதும், நாக்கு கேக்கல மேடம் என்று உடனே ஒத்துக்கொண்டார். பாக்கி இருந்தது தில்லைநாயகத்தின் மூன்று டப்பாக்கள்தான்.

மூடி போட்ட முட்டை

அந்த மழை விட்ட காலைக்கு இப்போது வருகிறேன். மூன்று பேரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டப்பாவில் இருந்ததைக் கரைத்து, வடிகட்டி, அடியில் படியவிட்டு, முதல் ஸ்லைடைப் பார்த்தேன்.

முட்டை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டாவதில் முட்டை. மூன்றாவதிலும். எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? திருட்டு மனுஷன், காவலையும் தாண்டித் தின்றிருக்கிறாரே என்பதுதான்.

கோதண்டத்தின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். குண்டு குண்டான எழுத்தில், நாள்வாரியாக, இட்லி எத்தனை, சட்னி என்ன சட்னி, வெற்றிலை போட்டது எத்தனை முறை என்று எல்லாம் இருந்தது. பல் குத்தியதுகூட இருந்தது. ஈரலும் இல்லை, எலும்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் வரி மட்டும் மாறாமல் இருந்தது. ‘காலை ஆறு மணி. வாய்க்கால் கரை. வல்லாரை, பச்சையாக, ஒரு கைப்பிடி.’

எத்தனை காலமாக இப்படி என்று கேட்டேன். ரெண்டு வருஷமா மேடம் என்றார் தில்லைநாயகம் பெருமையாக. ஆயிரம் பேர் சமையலுக்கு அளவெல்லாம் மனசில் நிற்கவேண்டுமே, ஞாபக சக்திக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். பறித்து, அந்த வாய்க்கால் தண்ணீரிலேயே ஒரு அலசு அலசி, அப்படியே மெல்வாராம். ஊர் ஆடு மாடெல்லாம் மேய்வதும் அந்தக் கரையில்தான். அவற்றின் சாணத்தோடு புழு முட்டை தண்ணீரில் விழுந்து, நத்தைக்குள் போய் வளர்ந்து, வெளியே வந்து ஒட்டிக்கொள்வது தண்ணீர் ஓரத்துப் புல்லிலும் கீரையிலும்தான். ஈரலை வறுத்துத் தின்ற ஊருக்கு ஒன்றும் இல்லை. பச்சைக் கீரை தின்ற சைவருக்குப் புழு.

டாக்டர் ஓடி வந்தார். அன்றே ஸ்கேனும் எடுத்து, ரத்தமும் பார்த்தார்கள். இரண்டும் அதையேதான் சொன்னன.

“நெசமாவே எனக்குள்ள புழு இருக்கா மேடம்?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

“இருக்குங்க.”

“அப்பாடா, பொழச்சேன்,” என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கோதண்டம் மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அம்மாள் மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கன்னம் ஈரமாக இருந்தது. ஊருக்கு வந்து, போன தடவை சொன்ன அதே மைக்கில் இதையும் சொல்லவேண்டும் என்றார்.

நோயாளியின் நோயை ஊருக்குச் சொல்லக்கூடாது என்று டாக்டர் தயங்கினார். ‘எனக்குப் புழு இருப்பதை எல்லோருக்கும் தெரிவிக்க முழு மனதோடு சம்மதிக்கிறேன்’ என்று தில்லைநாயகம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். கோதண்டம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

முதல் பந்தி

மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, நான்தான் தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமா சொல்லுங்க மேடம் என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சத்தமாகச் சொன்னேன்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து, அப்போ வயித்துல புழு இருக்குறவரு சமைச்சா எங்களுக்கும் வராதா என்று கேட்டார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. தலையில் கை வைத்துக்கொண்டேன். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, நடுவில் நத்தை வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். அப்போ நீங்க மொதப் பந்தியில உக்காந்து சாப்பிடுங்க, பாக்குறோம் என்றார் அவர். உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரைக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது லேசில் கிடைக்கவில்லை, டாக்டர் எங்கெங்கோ எழுதி வரவழைத்தார். தில்லைநாயகம் சாப்பிட்டார், வலி போயிற்று, பிறகு முட்டையும் வரவில்லை. முட்டை நின்றுவிட்டது என்று சொன்னதும் மனிதர் பதறி, இது மாத்திரையாலதான் நின்னுச்சுன்னு ஒரு வரி சேத்து எழுதிடுங்க மேடம் என்றார். எழுதிக் கொடுத்தேன்.

கும்பாபிஷேகத்தன்று முதல் பந்தியில், முதல் இலை எனக்கு. அடுத்த இலை கலியபெருமாளுக்கு. எனக்கு மறு பக்கம் இன்னொரு இலையைப் போட்டு மங்கையர்க்கரசி அம்மாள் வந்து உட்கார்ந்தார். கமிட்டி முழுக்க எதிரே நின்று எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனை மூக்கைத் துளைத்தது. நான் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டதும், அடுத்த பந்திக்குத் துண்டு போட ஆட்கள் ஓடினார்கள்.

எனக்கு நிம்மதி தாங்கவில்லை. நிம்மதி வந்தால் எனக்கு வாய் நிற்காது. இருந்தாலும்மா, தம்பிய காவலுக்குப் போட்டு மனுஷன நீங்க அந்தப் பாடு படுத்தியிருக்க வேணாம், பொண்டாட்டியே சந்தேகப்பட்டா அவரு யார்கிட்ட போய் சொல்லுவாரு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“நான் எங்க மேடம் சந்தேகப்பட்டேன்? முட்டை வந்தா, அப்பவும் துன்னுட்டுதான் வந்திருப்பாருன்னு நீங்க சொல்லிடுவீங்களேன்னுதான் தம்பியப் போட்டேன்.”

தில்லைநாயகம் ரச வாளியோடு என் இலைக்கு முன் வந்து நின்றார். நான் நிமிர்ந்து பார்க்காமல் சாதத்தில் குழி பறித்தேன்.